பெட்டிக்குள் திரும்பி வந்தவள்

உங்கள் அழைப்பிதழ் நேற்று வந்து சேர்ந்தது. காலில் கம்பி இறுகிக் கொண்டுவரப்பட்ட பெண் குரங்கு நன்றாகத் தேறிவிட்டது என்றும், வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்தில் அதைக் காட்டில் விடுகிறீர்கள் என்றும், அதற்கு என்னைப் பிரதம விருந்தினராக அழைக்க எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அழைப்பிதழின் முகப்பில் ஒரு பழைய படம். தோளில் பொன்னாடையுடன் நான் மண்டியிட்டிருக்கிறேன். எனக்கு முன்னால் மரப்பெட்டிக்குள் ஒரு செங்குரங்கு உட்கார்ந்து கையை என் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் படம் நம் விலங்குக் காப்பகத்து அலுவலகச் சுவரில் பல வருடங்களாகத் தொங்குகிறது. 'டொக்டரைப் பிரிய மறுத்த குரங்கு' என்று அதன் கீழே எழுதியிருக்கிறது. வாசலுக்கு அருகேயுள்ள கூட்டில் இருக்கும் ராசாத்திதான் அவள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் முதலில் அவளிடம்தான் கூட்டிப்போகிறீர்கள். காட்டில் விட்ட பிறகும் தன்னைக் காப்பாற்றியவரைத் தேடித் திரும்பி வந்தாள் என்று சொல்கிறீர்கள். அது நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கதை. அது உண்மையல்ல. சனிக்கிழமைக்கு முன்னால் உண்மை உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், யாரோ காட்டுப்பன்றிக்குச் சுருக்குக் கம்பி வைத்திருந்தார்கள். அதில் அவளுடைய வலது கை மாட்டிக்கொண்டது. நாங்கள் போய்ச் சேரும்போது கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடைகளைக் கழற்றி வைத்துவிட்டு எட்ட நின்றார்கள். மேலே மரங்களில் அவளுடைய கூட்டம் முழுவதும் இருந்தது. ஒன்றுகூடப் போகவில்லை.

எல்லோரும் நடுங்குகிற வேளையில் முத்துலட்சுமி மட்டும் பேசிக்கொண்டே இருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றும் சாக்கை விரித்துக்கொண்டு அவளை நெருங்கியபடி, "கடிக்கிறதுன்னா கடி. ஆனா ஒரு இடத்துல கடி. போன மாசம் ஒருத்தன் ரெண்டு இடத்துல கடிச்சுட்டான், தையல் போட்ட டொக்டரே சிரிச்சாரு" என்றார். அப்போது அவர் நம்மிடம் வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அதற்கு முன் பல வருடங்கள் கொழுந்தெடுத்தவர்.

கம்பி ஆழமாக அறுத்திருந்த அந்தக் கையை முழுதாக எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பானது. நான் இரண்டு விரல்களை மட்டும் எடுத்தேன். மூன்று விரல் உள்ள கையால் கிளையைப் பிடிக்கலாம், குட்டியை அணைக்கலாம், இன்னொன்றின் மயிரைக் கோதிவிடலாம். இந்தக் கடைசி வேலை நமக்குச் சிறியதாகத் தெரியும். குரங்குகளுக்கிடையே உறவு என்பதே பெரும்பாலும் அதுதான். சீழ் ஏறினால் உயிரே போகும் என்று தெரிந்துதான் அந்தத் துணிச்சலை எடுத்தேன். அது பலித்தது. என் வேலையில் நான் இன்றும் வெட்கப்படாத முடிவுகளில் அது ஒன்று. இதைச் சொல்வது, அடுத்து வருவதற்கு என் அறியாமை காரணமில்லை என்பதற்காக.

அவளுக்கு அப்போது பெயர் கிடையாது. திரும்பிப் போக வேண்டியதற்குப் பெயர் வைப்பதில்லை என்பது நம் காப்பகத்தின் வழக்கம். முத்துலட்சுமி 'அவ' என்பார். நானும் அப்படியே சொல்லப் பழகினேன்.

கை ஆறியதும் அவள் பிடிபட்ட காட்டோரத்திலேயே ஒரு வலைக்கூடு கட்டி அதில் வைத்தோம். கூட்டம் முதலில் தூரத்திலிருந்து பார்த்தது. பிறகு கூட்டின் கூரைமேல் வந்து உட்கார்ந்தது. ஒரு காலை இளம் பெண் குரங்கு ஒன்று கீழே இறங்கி வந்து வலைக்கு வெளியே உட்கார்ந்தது. உள்ளே இருந்தவள் முதுகைத் திருப்பிக் காட்டினாள். அது வலையின் ஓட்டைகளுக்குள் விரல்களை விட்டு அவளுக்குப் பேன் பார்க்கத் தொடங்கியது.

முத்துலட்சுமி என் காதருகே, "மக ஐயா, அது மக" என்றார். "எப்படிச் சொல்றீங்க?" என்றேன். "வேற யாரு இம்புட்டு அவசரமா வந்து தலையப் பாப்பா? எத்தனை நாள் பேன் சேர்ந்திருக்கோன்னு அதுக்குக் கவலை" என்றார்.

பெண் செங்குரங்கு பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து சாகிறது. அதற்கு அங்கே ஓர் இடம் உண்டு. யாருக்குப் பின்னால், யாருக்கு முன்னால் என்ற அந்த இடத்தை அதன் தாய், மகள், சகோதரிகள்தான் காத்துவைக்கிறார்கள். நாள் போகப் போக அந்த இடம் மூடிக்கொண்டுவரும். அன்று மகளுடைய விரல்கள் அந்த இடம் இன்னும் மூடவில்லை என்று சொல்லின. மறுநாளே கதவைத் திறந்திருக்கலாம். திறந்திருக்க வேண்டும்.

அன்று மாலை தோட்டத்துக் கோவில் தலைவர் என்னைப் பார்க்க வந்தார். மரியாதையான மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"டொக்டர் ஐயா, ஆஞ்சநேயர் அம்சம் எங்க தோட்டத்துல அடிபட்டுச்சு. அந்தப் பாவம் எங்க தலையில இருக்கு. சனிக்கிழமை கோவிலடியில வச்சு விடுங்க. பூசை போட்டு, தப்பு அடிச்சு, நல்லபடியா அனுப்பி வைப்போம். கொழும்புல இருந்து பெரிய மனுசர் ஒருத்தரும் வர்றேன்னுட்டாரு."

"கூட்டில இருந்தே விடுறதுதான் நல்லது, தலைவர்."

"அந்த மேட்டுக்கு வயசானவங்க, சின்னப் பிள்ளைக ஏற முடியாதுங்களே. உங்களுக்கும் ஒரு பொன்னாடை போடணும்னு கமிட்டியில பேசி முடிச்சாச்சு. வேணாம்னுறாதீங்க."

அவரைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. குரங்குகளைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எனக்குத் தெரியும். கோவிலுக்குப் பின்னால் உள்ள மரங்கள் வழியாகத்தான் கூட்டம் தினமும் காலையில் போகிறது, ஆகவே அங்கே வைத்து விட்டாலும் பாதகமில்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். உள்ளே இருந்த காரணம் வேறு. ஓய்வுபெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. என்னோடு படித்தவர்களில் பலர் மேடைகளில் உட்கார்ந்திருந்தார்கள். என் தோளில் அதுவரை யாரும் பொன்னாடை போட்டதில்லை.

இங்கே ஒரு பழைய விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்கு மேலே இருந்த மிருக வைத்தியருடன் ஒரு தோட்டத்து மாட்டுப்பட்டிக்குப் போனேன். கன்று வயிற்றில் குறுக்கே கிடந்து தாய்ப்பசு தவித்துக்கொண்டிருந்தது. துரை வரும்வரை மாட்டைத் தொடக்கூடாது என்றார் பட்டியைப் பார்த்துக்கொண்டவர். நானும் துரை வரட்டும் என்று நின்றேன். என் மேலதிகாரி சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிச் சவர்க்காரம் கேட்டார். துரை வந்தபோது கன்று எழுந்து நின்றுகொண்டிருந்தது. திரும்பும் வழியில் அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தக் கன்னு யாரைக் கேட்டு வெளியில வர முடிவு பண்ணுச்சு?" நான் சிரித்தேன். புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. விடியும்போதே அவளை மரப்பெட்டிக்குள் ஏற்றிக் கோவிலடிக்குக் கொண்டுவந்தோம். பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் 'ஹலோ, ஹலோ' என்று ஊதிக்கொண்டிருந்தார். சனம் இன்னும் சேரவில்லை. என் மனைவி மடிப்புக் கலையாமல் கொடுத்தனுப்பிய வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தேன்.

நிகழ்ச்சி தொடங்க வெகுநேரம் இருக்கும்போதே குரங்குக் கூட்டம் வந்துவிட்டது. நான் நிமிர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து அவள் குரல் கொடுத்தாள். மேலிருந்து பதில் வந்தது. மறுபடி அவள். மறுபடி பதில். மகள் கோவில் மதில்வரை இறங்கி வந்து உட்கார்ந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த முத்துலட்சுமி எழுந்தார். "ஐயா, வந்துட்டாங்க. தொறந்திருவோமா?"

"பிரதம விருந்தினர் பண்டாரவளைக்கு வந்துட்டாராம். கொஞ்சம் பொறுங்க."

"அவரு பண்டாரவளையில இருக்காரு. இதுக மதில்ல இருக்குதுங்க. யாரு ஐயா கிட்டத்துல இருக்கா?"

"தலைவருக்கு வாக்குக் கொடுத்தாச்சு, முத்துலட்சுமி."

அவர் பெட்டியைச் சுற்றி என் பக்கம் வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் தொறந்திர்றேன். கை தவறிடுச்சுன்னு சொல்லிருங்க. எல்லாருக்கும் முன்னால என்னைத் திட்டுங்க, எனக்கொண்ணும் இல்ல. கங்காணிக்கிட்ட வாங்காத திட்டா?"

பெட்டியில் ஒரு சின்னப் பூட்டு. சாவி பூட்டிலேயே இருந்தது. நான் அதை எடுத்து என் வெள்ளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இதுதான் நான் சொல்ல வந்தது. இதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு அந்தத் தலைவரையோ, தாமதமாக வந்த விருந்தினரையோ காரணம் சொல்லலாம். நானும் நெடுங்காலம் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் கதவு திறக்கப்பட வேண்டிய நேரத்தில் சாவி என் பையில் இருந்தது. வேறு யார் பையிலும் இல்லை.

கூட்டம் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. பெரிய பெண் குரங்குகள் முதலில் நகர்ந்தன. மற்றவை பின்தொடர்ந்தன. மகள் மட்டும் மதிலை விட்டுப் போகவில்லை. சனம் கூடியது. குழந்தைகள் அதைப் பார்த்துக் கை நீட்டினார்கள். அது பின்வாங்கி மரத்தில் ஏறியதே தவிர அங்கிருந்து போகவில்லை.

வாகனம் தோட்டத்துப் பாதையில் திரும்புவது தெரிந்ததும் தலைவர் என்னிடம் ஓடி வந்தார். வெடி போட வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன்.

"ஒரே ஒரு கட்டு ஐயா. சின்னக் கட்டுதான். வெடி போடாம ஒரு மனுசரை எப்படிங்க வரவேற்கிறது? சாவு வீட்டுக்கே போடுறோம்."

அந்தத் தோட்டத்தில் மரக்கறித் தோட்டங்களிலிருந்து குரங்குகளைத் துரத்துவதற்கும் அதே வெடியைத்தான் போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் பிறந்த ஒவ்வொரு குட்டியும் தாயின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்கு ஓடியிருக்கும். இதுவும் எனக்குத் தெரியும். வாகனம் கிட்டத்தில் வந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி, ஒண்ணுதான்" என்றேன்.

வெடி தீர்ந்து புகை விலகியபோது மரத்தில் எதுவும் இல்லை.

பிறகு பூசை, பேச்சு, பொன்னாடை. கடைசியாக நான் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். அவள் வெளியே வந்து ஒரு கணம் சனத்தைப் பார்த்தாள். பாய்ந்து மரத்தில் ஏறினாள். எல்லோரும் கைதட்டினார்கள். மகள் உட்கார்ந்திருந்த கிளைக்கே போய் அதை மோந்து பார்த்தாள். குரல் கொடுத்தாள். காத்திருந்தாள். மறுபடி கொடுத்தாள். தப்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். காடு பதில் சொல்லவில்லை.

அவள் இறங்கி வந்தாள். வலது கையை மார்போடு வைத்துக்கொண்டு மூன்று காலில் நடந்து, விலகி நின்ற சனத்துக்கு நடுவே வந்து, பெட்டிக்குள் போய் உட்கார்ந்தாள்.

பிறகு ஒரே ஆரவாரம். "டொக்டர் ஐயாவை விட்டுப் போக மனசில்ல, பாருங்க!" என்றார் தலைவர், கண்ணாடியைக் கழற்றியபடி. "வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற நன்றி எம் மருமகளுக்கு இல்லையே" என்றார் ஒரு கிழவி. சுற்றிலும் சிரிப்பு. விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ என்னை மண்டியிடச் சொன்னார்கள். மண்டியிட்டேன். படம் எடுத்தார்கள்.

இப்போது அழைப்பிதழை எடுத்து அந்தப் படத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். அவள் கை என்னை நோக்கி நீளவில்லை. கதவின் விளிம்பைப் பற்றியிருக்கிறது. மூன்று விரல்களும் வெளிப்பக்கம் மடிந்திருப்பது தெரியும். கதவை உட்பக்கமாக இழுத்து மூடப் பார்க்கிறாள். நான் கதவுக்குக் குறுக்கே மண்டியிட்டிருந்ததால் அவளால் மூட முடியவில்லை.

திரும்பி வரும் வழியில், லொறி பசறையைத் தாண்டிய பிறகு முத்துலட்சுமி சொன்னார்: "எம் பிள்ளையும் பயந்தா ஓடியாந்து என் சீலைக்குள்ளதான் ஒளியும். அதுக்குப் பேரு நன்றியா ஐயா?" பொன்னாடை என் மடியில் இருந்தது.

பத்திரிகையில் படத்துடன் செய்தி வந்தது. ராசாத்தி என்ற பெயரை அவர்கள்தான் வைத்தார்கள். நான் மறுக்கவில்லை. அவளைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பாடசாலைகளில் பேச அழைத்தார்கள். போனேன். ஒவ்வொரு தடவையும் கதை இன்னும் கொஞ்சம் அழகாகியது. அவள் பெட்டிக்குள் போகுமுன் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள் என்று ஒரு பாடசாலையில் சொன்னேன். அன்று அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

மறுபடி காட்டோரக் கூட்டில் வைத்துப் பார்ப்போம் என்று முத்துலட்சுமி கேட்டுக்கொண்டே இருந்தார். மழை, மண்சரிவு எச்சரிக்கை, பாதை மோசம் என்றேன். மழை உண்மை. எச்சரிக்கையும் உண்மை. மீரியபெத்தவில் மண் சரிந்து வீடுகள் புதைந்த பிறகு அந்தச் சரிவுகளில் யாரும் அதை இலேசாக எடுப்பதில்லை. ஆனால் இடையில் வெயில் அடித்த வாரங்களும் இருந்தன. அந்த வாரங்களில் பார்வையாளர்களும் வந்துகொண்டிருந்தார்கள். ராசாத்தி எங்கே என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியில் நானும் முத்துலட்சுமியும் மட்டும் அவளைக் கொண்டுபோனோம். கூட்டம் வந்தது. மகளை உடனே அடையாளம் கண்டோம். அதன் வயிற்றில் ஒரு குட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அது கூட்டருகே வந்து உட்கார்ந்தது. அவள் முதுகைத் திருப்பிக் காட்டவில்லை. வலைக்குள்ளிருந்து தன் மூன்று விரல்களை வெளியே நீட்டிக் குட்டியின் தலையைத் தொட்டாள். அதற்குள் பெரிய பெண் குரங்குகள் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தன. மகள் குட்டியை இறுக்கிக்கொண்டு விலகியது. இருந்தும் கதவைத் திறந்து பார்த்தோம். அவை அவளைக் கடித்துத் துரத்தின. அவளுடைய இடம் மூடிவிட்டிருந்தது. தோளில் காயத்துடன் அவளைத் திரும்பக் கொண்டுவந்தோம். அந்த முறை வெடி இல்லை, பொன்னாடை இல்லை, படம் எடுக்க ஆளும் இல்லை. ஆகவே அது உங்களில் யாருக்கும் தெரியாது.

அவள் இப்போது கிழவி. மாலையில் பக்கத்துக் காட்டில் ஏதாவது ஒரு குரங்குக் கூட்டம் குரல் கொடுத்தால் எழுந்து வலையருகே போகிறாள். அது அவள் கூட்டமல்ல. லுணுகலைக் காடு எங்கோ இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து, 'டொக்டரைத் தேடுது' என்கிறார்கள். ஓய்வுபெற்ற பிறகு நான் காப்பகத்துக்கு அதிகம் வராததற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். வலி உண்டு. ஆனால் உங்கள் வாசலில் படிகள் இல்லை.

சனிக்கிழமை நான் வரப்போவதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அழைத்தது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அழைப்பிதழைப் பிரித்ததும் எந்தச் சட்டையைப் போடலாம் என்று ஒரு கணம் யோசித்தேன். இந்த வயதிலும் அந்த எண்ணம்தான் முதலில் வந்தது. உங்களுக்கும் வரும். வராத ஆளாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது வரும்போது சாவி உங்கள் பையில் இருக்கக்கூடாது. சாவியை முத்துலட்சுமியிடம் கொடுங்கள்.

குரங்கைப் பந்தலுக்குக் கொண்டுவராதீர்கள். விடியுமுன் காட்டோரத்தில் இருங்கள். அதன் கூட்டம் வந்து குரல் கொடுத்ததும் திறந்துவிடுங்கள். ஒன்பது மணிக்குச் சனம் வந்து வெறும் பெட்டியைப் பார்த்துத் திட்டும். தலைவர்மார் வருத்தப்படுவார்கள். தேநீர் கொடுத்துச் சமாதானம் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லி, கிழவன் கெடுத்துவிட்டான் என்றே சொல்லுங்கள்.

அலுவலகச் சுவரில் உள்ள படத்தைக் கழற்றச் சொல்லமாட்டேன். அது அங்கேயே இருக்கட்டும். கீழே உள்ள எழுத்தை மட்டும் அழித்துவிட்டு, அவள் கதவை மூடப் பார்க்கிறாள் என்று எழுதுங்கள். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். சனிக்கிழமை எல்லாம் முடிந்ததும், அந்த வெறும் பெட்டியைக் கதவு திறந்தபடியே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.